ஜெராக்ஸ்னு சொன்ன வாய்

மூணு வாரமா எங்க வீட்டுல ஒரே அலறல். பக்கத்து ஃபிளாட் மாமி ஒருநாள் கதவைத் தட்டி, "என்னப்பா, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேட்டாங்க. பிரச்சனை ஒண்ணுமில்ல மாமி, ஜப்பான்காரங்க மண்டையோட்டு வேஷம் போட்டுக்கிட்டு பாடுறாங்க, அவ்ளோதான்னு சொன்னேன். மாமி என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அன்னிக்கு ராத்திரியே தங்கமணி ஹெட்போனை எடுத்துட்டு வந்து கையில திணிச்சாச்சு.

பேண்டோட பேரு பால்சாக். இந்தப் பேரைப் போட்டு இணையத்துல தேடினா முதல்ல வந்து நிக்கிறது பிரெஞ்சு நாவலாசிரியர் ஓனொரே தெ பால்சாக். அவருக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. இவங்க 1992-ல ஜப்பானோட ஒசாகாவுல ஆரம்பிச்சவங்க. பாடகர் பேரு ஹிரோசுகே. இவங்க வாசிக்கிற சங்கதிக்கு 'ஹாரர் பங்க்'னு பேரு. பங்க் ராக் தெரியும்ல? மூணு கார்டு, ஒரு கோபம், ரெண்டு நிமிஷத்துல பாட்டு முடிஞ்சுடும். அதுல கோபத்துக்குப் பதிலா பேய், ரத்தக்காட்டேரி, சுடுகாடு, வேற்றுக்கிரகவாசின்னு பழைய பேய்ப்படச் சாமானை எல்லாம் போட்டுக் கிளறினா ஹாரர் பங்க் ரெடி.

இந்தப் பதிவு அந்தப் பாட்டுகளுக்கு விமர்சனம் இல்ல. ஒரு வார்த்தையைப் பத்தினது. 'காப்பி'ங்கற வார்த்தையை நாம ரொம்ப சீக்கிரமா வாயிலேர்ந்து எடுத்துடறோம்கிறது என் கட்சி. இதை நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். அதுக்கு ஒரு விலையும் கொடுத்திருக்கேன். விஷயத்துக்கு வர்றேன்.

*

சமீபத்துல எங்க சித்தி வீடு மாறினாங்க. சித்தி பையன் வேலைக்குப் போய் பெங்களூர்ல செட்டிலாகிப் பல வருஷமாச்சு. அவன் ரூமைக் காலி பண்ணும்போது அலமாரி மேல ஒரு ஷூ டப்பா. உள்ள முழுக்க சிடி. எல்லாம் இந்த பால்சாக். அவனோட காலேஜ் சீனியர் ஒருத்தர் வேலை விஷயமா ஒசாகா போயிட்டு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்தது. சித்தி போன்ல கேட்டதுக்கு, "அண்ணாகிட்ட கொடுத்துடுங்க, இல்லேன்னா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டான்.

அந்த "இல்லேன்னா"வுல ஒரு பழைய கதை இருக்கு.

அவன் காலேஜ் படிச்ச காலத்துல கிடார் வாசிப்பான். 2006 வாக்குல ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, ஒரு பாட்டு போட்டிருக்கேன், கேட்டுட்டுச் சொல்றீங்களா?"ன்னான். வாசிச்சுக் காமிச்சான். நான் அப்ப இசை விஷயத்துல பெரிய பிஸ்தா (அதாவது அப்படி நெனப்பு). கேட்டு முடிச்ச உடனே சொன்னேன்: "டேய், இது நீ கேக்குற அந்த ஜப்பான் குரூப் மாதிரியே இருக்கு. அவனுங்களே அமெரிக்காக்காரனை ஜெராக்ஸ் எடுக்கறவனுங்க. நீ ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கறே."

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட எதையும் வாசிச்சுக் காமிச்சதில்ல. நான் கேக்கவும் இல்ல.

அந்த ஜெராக்ஸ் சமாச்சாரம்தான் இப்ப ஷூ டப்பாவுல என் மேஜை மேல.

*

சிடி டிரைவ் இருக்கிற கம்ப்யூட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாளாச்சு. பரண்ல கிடந்த பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுத்து, எல்லாத்தையும் ஏத்தி, முதல்ல கலைச்சுப் போட்டுதான் கேட்டேன். என் பழைய தீர்ப்பு அப்படியே உறுதியாச்சு. எல்லாப் பாட்டும் ஒண்ணு போலவே இருக்கு. "வோ ஓ ஓ"ன்னு கும்பலா ஒரு கத்தல், வெட்டிக்கிட்டே போற கிடார், முடிஞ்சது. அடுத்தது. அதே வோ ஓ ஓ.

சரி, டப்பாவை மூடிடலாம்னு நெனச்சப்பதான் ஒரு யோசனை. ஒரு எழுத்தாளரோட இருபது வருஷத்துக் கதைகளை எடுத்து, பக்கங்களைக் கிழிச்சுக் கலைச்சுப் போட்டுப் படிச்சா என்ன புரியும்? வருஷ வரிசைப்படி அடுக்கி, ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம், முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும், நடுவுல தாண்டாமக் கேக்குறதுன்னு முடிவு பண்ணினேன்.

ஜப்பான்ல எடோ காலத்துல ஒரு விளையாட்டு உண்டு. ராத்திரி எல்லாரும் ஒரு அறையில கூடி, நூறு விளக்கு ஏத்தி வெச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தரா பேய்க்கதை சொல்லணும். ஒரு கதை முடிஞ்சா ஒரு விளக்கை அணைக்கணும். 'ஹ்யாக்குமோனோகதாரி'ன்னு பேரு. முதல் கதையைக் கேக்கும்போது அறை ஜெகஜ்ஜோதியா இருக்கும், யாருக்கும் பயம் வராது. தொண்ணூறாவது கதை சாதாரணக் கதையா இருந்தாலும் வேர்க்கும். ஏன்னா அதுக்குள்ள எண்பத்தொம்பது விளக்கு அணைஞ்சிருக்கு. கதையோட பலம் பாதி அது எத்தனையாவது கதைங்கறதுல இருக்கு.

ஆல்பங்களும் அப்படித்தான்னு எனக்கு இந்த மூணு வாரத்துலதான் புரிஞ்சுது.

*

முதல்ல அந்த அமெரிக்காக்காரன் யாருன்னு சொல்லிடறேன். மிஸ்ஃபிட்ஸ். 1977-ல நியூ ஜெர்சி மாகாணத்துல லோடைங்கற சின்ன ஊர்ல கிளென் டான்சிக் ஆரம்பிச்ச பேண்ட். ஹாரர் பங்குக்கு இவங்கதான் பிள்ளையார் சுழி. நெத்தியிலேர்ந்து மூக்குக்கு நேரா ஒத்தைக் கத்தை முடி தொங்குமே, 'டெவில்லாக்', அது இவங்க கண்டுபிடிப்பு. 1982-ல வந்த 'வாக் அமங் அஸ்' ஆல்பத்துல 13 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட வராது. 1983-ல சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. 1995-ல பாஸ் வாசிக்கிற ஜெர்ரி ஒன்லி, டான்சிக் இல்லாம மறுபடி ஆரம்பிச்சார்.

பால்சாக்கோட முதல் ஆல்பமும் அதே 1995-லதான். 'தி லாஸ்ட் மென் ஆன் எர்த்'. கேட்டா சந்தேகமே வேண்டாம், மிஸ்ஃபிட்ஸ் வீட்டுப் பிள்ளை. அதே முடி, அதே எலும்புக்கூட்டுச் சட்டை, அதே வோ ஓ ஓ. என்னோட 2006 தீர்ப்பு இந்த ஆல்பத்துக்குக் கிட்டத்தட்ட சரிதான், ஒத்துக்கறேன்.

ஆனா இங்க ஒரு கேள்வி. மிஸ்ஃபிட்ஸ் மட்டும் சுயம்புவா? அவங்க பேரு 1961-ல மர்லின் மன்றோ நடிச்ச படத்தோட பேரு. அவங்களோட உலகப் புகழ்பெற்ற மண்டையோட்டுச் சின்னம், 1946-ல வந்த 'தி கிரிம்சன் கோஸ்ட்'ங்கற தொடர்படத்து வில்லனோட முகம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 'ஆஸ்ட்ரோ ஜாம்பீஸ்'னு அவங்க பாட்டுத் தலைப்புகள் ரெண்டுமே 1968-ல வந்த படங்களோட பேரு. டான்சிக் பாடுற விதத்துல எல்விஸ் பிரெஸ்லியும் ராய் ஆர்பிசனும் எட்டிப் பாக்குறாங்க. குப்பைன்னு ஊரு தூக்கிப் போட்ட படங்களை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒட்டி ஒரு வீடு கட்டினாங்க. அதை நாம 'ஒரிஜினல்'னு சொல்றோம். அந்த வீட்டைப் பார்த்து ஒசாகாவுல ஒருத்தன் இன்னொரு வீடு கட்டினா அது 'ஜெராக்ஸ்'. கொஞ்சம் இடிக்குதில்ல?

ஒசாகாவுக்கு இது புதுசும் இல்ல. 1981-ல அதே ஊர்ல மூணு பொண்ணுங்க சேர்ந்து ஷோனென் நைஃப்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவோட ரமோன்ஸ் மேல அவ்வளவு பக்தி. 2011-ல ரமோன்ஸ் பாட்டுகளை மட்டுமே பாடி 'ஒசாகா ரமோன்ஸ்'னே ஒரு ஆல்பம் போட்டாங்க. ஆனா அவங்க சொந்தப் பாட்டுகளைக் கேளுங்க. நிர்வாணா பேண்டு 1991-ல இங்கிலாந்து சுற்றுப்பயணத்துக்கு இவங்களைக் கூடக் கூட்டிக்கிட்டுப் போச்சு. ஜெராக்ஸ் வேணும்னா நிர்வாணா ஏன் ஜப்பான் வரைக்கும் தேடணும்? கடைத்தெருவுலேயே கிடைக்குமே.

இன்னும் பின்னாடி போனா எதொகாவா ரான்போ. ஜப்பான் மர்மக்கதைக்கு ஆதி ஆசான். இயற்பெயர் ஹிராய் தாரோ. எட்கர் ஆலன் போங்கற அமெரிக்க எழுத்தாளரோட பேரை ஜப்பான் உச்சரிப்புல வேகமாச் சொல்லிப் பாருங்க, எதொகாவா ரான்போன்னு வரும். அவர் வெச்சுக்கிட்ட புனைபெயர் அதுதான்! குருவோட பேரையே தன் பேரா நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு, 1965-ல சாகிற வரைக்கும் போ எழுதாத கதைகளை எழுதிக்கிட்டே இருந்தார்.

*

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்'ங்கறது 1964-ல வின்சென்ட் பிரைஸ் நடிச்ச படம். உலகமே ரத்தக்காட்டேரியா மாறிட, ஒருத்தன் மட்டும் மனுஷனா மிஞ்சி நிப்பான். பால்சாக் அந்தப் பேரை எடுத்தாங்க. ஆனா 'மேன்' இல்ல, 'மென்'. ஒருமை பன்மையாயிடுச்சு. தனியா மிஞ்சினவன் கதை, மிஞ்சின கும்பலோட கதையாச்சு. அந்தக் கும்பல்தான் அந்த வோ ஓ ஓ.

அந்த 1995 ஜப்பானுக்கு எப்படிப்பட்ட வருஷம்னு யோசிச்சுப் பாருங்க. ஜனவரி 17-ந் தேதி, ஒசாகாவுக்குப் பக்கத்து ஊரான கோபேயில விடிகாலையில பூகம்பம். 6,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. மார்ச் 20-ந் தேதி டோக்கியோ சுரங்க ரயில்ல ஒரு மதக்கும்பல் சரின் விஷவாயுவைப் பரப்பிச்சு. அதை நெனச்சுத்தான் தலைப்பு வெச்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா 'பூமியின் கடைசி மனிதர்கள்'ங்கற வார்த்தைகள் நியூ ஜெர்சியில சினிமா வசனம். அந்த வருஷத்து ஒசாகாவுல அதுக்கு வேற எடை.

இதேதான் 'தி டே தி எர்த் காட் ஃபயர்'ங்கற பாட்டுக்கும். 1961-ல வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தோட பேரு அது. அணுகுண்டுச் சோதனைகளால பூமி தன் பாதையிலேர்ந்து விலகி சூரியனைப் பார்த்துப் போக ஆரம்பிச்சுடும், அதான் கதை. லண்டன்ல உக்காந்து கற்பனை பண்ணினவங்களுக்கு அது என்றோ நடக்கப்போற விஷயம். ஜப்பானுக்கு அது 1945-லேயே ரெண்டு ஊர்ல நடந்து முடிஞ்சது. 1954-ல அமெரிக்கா பிகினித் தீவுல ஹைட்ரஜன் குண்டு வெடிச்சப்ப, ஜப்பான் மீன்பிடிப் படகு ஒண்ணு மேல சாம்பல் மழையாப் பெய்ஞ்சுது. அதே வருஷக் கடைசியில காட்ஸில்லா படம் வந்துச்சு. அந்த மண்ணுலேர்ந்து ஒருத்தன் 'பூமி தீப்பிடிச்ச நாள்'னு பாடும்போது, தலைப்பு இரவல்தான், ஆனா பாடுற தொண்டை இரவல் இல்ல.

ஹெட்போன்ல இந்தப் பாட்டைக் கேட்டப்பதான் எனக்கு முதல் தடவையா முடி சிலிர்த்துச்சு. 2006-ல இதையேதான் அவன் ரூம் வாசல்ல நின்னு கேட்டிருப்பேன். காதுல விழுந்தது "மிஸ்ஃபிட்ஸ் மாதிரி" மட்டும்தான்.

*

மொழி விஷயம் ஒண்ணு சொல்லணும், நம்மாளுங்களுக்குப் பிடிக்கும். ஜப்பானிய மொழியை அசையா எண்ண மாட்டாங்க, நம்ம மாத்திரை மாதிரி எண்ணுவாங்க. குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு. நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவங்களுக்கு 'ன்'னு வந்தா அதுக்கே முழுசா ஒண்ணு. தவிர ஏறக்குறைய எல்லா எழுத்தும் உயிர்ல போய் முடியும். இதனால ரெண்டு விஷயம் நடக்குது. கும்பலா இழுத்துப் பாடுற பங்க் கோரஸுக்கு அந்த மொழி அல்வா மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. ஆனா இங்கிலீஷ்ல ஒரு வரியில சொல்ற சங்கதியைச் சொல்ல ஜப்பானியத்துல அதிக எழுத்து வேணும், அதிக சுரம் வேணும். ரெண்டு நிமிஷப் பாட்டுல கதை சொல்ல இடமே இருக்காது. மிஸ்ஃபிட்ஸ் பாட்டுல யார் யாரைக் கொன்னாங்கன்னு கதை இருக்கும். பால்சாக்ல கதை கரைஞ்சு போய் ஒரு மூட்டம் மட்டும் நிக்குது. மெட்டு நீளுது, சோகம் கூடுது. பேய் துரத்துற பாட்டு, பேயோட பாட்டா மாறுது. எனக்கு ஜப்பானியம் தெரியாது, என் காதுக்குப் பட்டதைச் சொல்றேன். தெரிஞ்சவங்க திருத்துங்க.

1998-ல வந்த '13 ஸ்டெர்வே' ஆல்பத்துல இந்த மாற்றம் நல்லாவே கேக்குது. 2000-ல வந்ததுக்கு இங்கிலீஷ் தலைப்பே கிடையாது. 'சென்னோ நாரு முசூ நோ மே வா ஷி ஓ யுபி சாசு'. எல்லாம் வல்ல எண்ணற்ற கண்கள் சாவைச் சுட்டிக் காட்டுதுன்னு அர்த்தம். எந்த அமெரிக்கப் படத்து பேரும் இல்ல. இரவல் வாங்கின சட்டையை கழட்டி வெச்சுட்டு முதல் தடவையா வெறும் உடம்போட வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்புறம் 2002. என் ஜெராக்ஸ் தியரிக்கு சாவுமணி அடிச்ச வருஷம். மிஸ்ஃபிட்ஸும் பால்சாக்கும் சேர்ந்து ஒரு வெளியீடு கொண்டு வந்தாங்க. அதுல பால்சாக், மிஸ்ஃபிட்ஸ் பாட்டைப் பாடினாங்க. அது எதிர்பார்க்கக் கூடியதுதான். மிஸ்ஃபிட்ஸ் என்ன பாடினாங்க தெரியுமா? பால்சாக்கோட 'தி டே தி எர்த் காட் ஃபயர்'. குருநாதர் சிஷ்யன்கிட்ட வந்து, உன் பாட்டைக் கொஞ்சம் கொடுப்பா, நான் பாடிக்கறேன்னு கேட்டு வாங்கிப் பாடியிருக்கார்! அடுத்த வருஷமே, 2003-ல, தங்களோட கம்பெனி மூலமாவே பால்சாக்கை அமெரிக்காவுல வெளியிட்டாங்க, 'பியாண்ட் தி டார்க்னஸ்'ங்கற பேர்ல.

நான் அவனை ஜெராக்ஸ்னு சொன்னது 2006-ல. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, ஒரிஜினல் பார்ட்டி ஜெராக்ஸ்லேர்ந்து பிரதி எடுத்தாச்சு. எனக்குத்தான் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல.

*

ஜப்பான்ல தேநீர்ச் சடங்கு, தற்காப்புக் கலை எல்லாத்துலயும் 'ஷு, ஹா, ரி'ன்னு மூணு படி சொல்லுவாங்க. முதல்ல குரு சொன்னதை அப்படியே காப்பாத்து. அப்புறம் உடை. அப்புறம் விலகு. மூணையும் தாண்டாம யாரும் நேரா மூணாவது படிக்குக் குதிக்க முடியாது. நாம முதல் படியில நிக்கிறவனைப் பார்த்து "காப்பி"ன்னு சொல்லி இறக்கி விட்டுட்டு, அப்புறம் நம்ம ஊர்ல ஏன் மூணாவது படிக்கு ஆளே வர்றதில்லன்னு அங்கலாய்க்கிறோம்.

2004-ல வந்த 'கேம் அவுட் ஆஃப் தி கிரேவ்', 2005-ல 'டார்க்-இசம்', 2006-ல 'டீப் ப்ளூ', இந்த மூணையும் கேட்டா ஷு எங்க இருந்துச்சுன்னு தேடணும். எந்திரச் சத்தம், கம்ப்யூட்டர் இரைச்சல், அதுக்கு நடுவுல திடீர்னு ஒரு அழகான மெட்டு. மிஸ்ஃபிட்ஸ் இந்தப் பக்கமே வந்ததில்ல. ஆனா மூலத்தையும் விட்டுடல. 2002 ஆல்பத்துக்கு 'தி லாஸ்ட் மென் ஆன் எர்த் II'னு துணைத்தலைப்பு கொடுத்து முதல் ஆல்பத்துக்கே திரும்பிப் போய் உக்காந்திருக்காங்க. விலகிப் போனவன் திரும்பி வந்து வாசல்ல விழுந்து கும்பிடற மாதிரி.

எல்லாமே அமிர்தம்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஒப்புக்குச் சப்பாணியா மூணு நாலு பாட்டு இருக்கு. அந்த இரைச்சல் காலத்துல சில பாட்டுகள் எப்படா முடியும்னு இருந்துச்சு. ஒரே பாட்டையே பல தடவை பதிவு பண்ணி வெவ்வேற வெளியீட்டுல போடுறது, சேகரிக்கிறவன் பர்ஸுக்கு வெக்கிற வேட்டுன்னும் தோணுது. டப்பாவுல ஒரே பாட்டு எத்தனை இடத்துல இருந்துச்சுன்னு எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன்.

*

"அப்ப திருட்டே கிடையாதா? எவன் எதைச் சுட்டாலும் ஷு ஹா ரின்னு விட்டுடலாமா?"ன்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம சினிமாப் பாட்டுகளைப் பத்தி நாம போடாத சண்டையா?

என் அளவுகோல் ரொம்ப எளிசு. திருடறவன் எங்கேர்ந்து எடுத்தான்னு மறைப்பான். பால்சாக் பசங்க முகத்தை மறைச்சு முடியைத் தொங்க விட்டிருக்காங்க, ஆனா அந்த முடியே யாரோட சிஷ்யன்னு ஊருக்குச் சொல்லுது. மூலத்தை மறைச்சு, சம்பந்தப்பட்டவனுக்குப் பேரும் கொடுக்காம, காசும் கொடுக்காம, தன்னோடதுன்னு விக்கிறது திருட்டு. அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா ஒரு ஆசையில, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு வெளிப்படையாக் காட்டிக்கிட்டு, அதே மாதிரி செஞ்சு பாக்குறவன் திருடன் இல்ல. மாணவன். ரெண்டு பேருக்கும் நாம ஒரே வார்த்தையை வெச்சிருக்கோம். அதான் கோளாறு.

நம்மளையே எடுத்துக்குங்களேன். பதிவு எழுத வந்தவங்கள்ல எத்தனை பேரு சுஜாதா மாதிரி எழுத ஆரம்பிச்சோம்? சின்னச் சின்ன வாக்கியம், நடுவுல அடைப்புக்குறிக்குள்ள ஒரு நக்கல், கடைசியில ஒரு திருப்பம். 2008-ல அவர் போனப்ப அஞ்சலி எழுதினவங்கள்ல பாதிப் பேரு அஞ்சலியைக்கூட அவர் நடையிலதான் எழுதினோம். இந்தப் பதிவுலகூட அடைப்புக்குறிக்குள்ள ஒரு நக்கல் இருக்கு, மேல போய்ப் பார்த்துக்குங்க :-) அன்னிக்கு நம்மளை யாராவது "சுஜாதா ஜெராக்ஸ்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருந்தா, இன்னிக்கு நம்மள்ல எத்தனை பேரு எழுதிக்கிட்டிருப்போம்?

எனக்கு முதல் பதிவுக்கு முகம் தெரியாத நாலு பேரு வந்து "நல்லாருக்கு, தொடர்ந்து எழுதுங்க"ன்னு சொன்னாங்க. அது நல்லா இல்லன்னு இப்பப் படிச்சா தெரியுது. அவங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஆனாலும் சொன்னாங்க. எனக்குக் கிடைச்ச அந்த நாலு வரியை, என் தம்பிக்கு நான் கொடுக்கல.

*

மூணாவது வாரக் கடைசியில, டப்பா காலியானதும், அவனுக்குப் போன் பண்ணினேன்.

"டேய், அந்த பால்சாக் சிடி எல்லாம் கேட்டு முடிச்சுட்டேண்டா."

"எல்லாமா? முழுசாவா?" நம்பல. "தலைவலி வரலையாண்ணா?"

"மொத ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. 2000-ல வந்த ஆல்பம் இருக்கே, பிரமாதம்டா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அந்த ஆல்பத்துல அவனுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு சொல்ல ஆரம்பிச்சான். பத்து நிமிஷம் நிறுத்தல. அவன் இப்படிப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு.

கடைசியில கேட்டேன். "நீ ஒரு பாட்டு போட்டியே, என்கிட்டகூட வாசிச்சுக் காமிச்சியே, அது இன்னும் ஞாபகம் இருக்கா?"

"எதுண்ணா? அந்த ஜெராக்ஸா?" சிரிச்சான். "அதெல்லாம் போச்சுண்ணா. எங்கயும் எழுதி வெக்கல. கிடாரையும் கொடுத்துட்டேன். உங்களுக்கு மெட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா? நீங்க மட்டும்தான் முழுசாக் கேட்டது."

எனக்கு ஞாபகம் இல்ல. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு. யார் யார் சிரிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கு. பாட்டு மட்டும் ஒரு சுரம்கூட ஞாபகம் இல்ல. ஏன்னா நான் அதைக் கேக்கவே இல்ல. அது எது மாதிரி இருக்குன்னு மட்டும்தான் கேட்டேன்.

"சாரிடா"ன்னேன். "அட விடுங்கண்ணா"ன்னான். ரெண்டு பேரும் சித்தியோட புது வீட்டைப் பத்திப் பேசிட்டு வெச்சுட்டோம்.

'காப்பி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாக் கேளுங்க மக்களே. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் எதையோ எழுதி, வரைஞ்சு, வாசிச்சு உங்ககிட்ட கொண்டுவந்து நீட்டிக்கிட்டு நிக்கலாம். அது எதையோ மாதிரிதான் இருக்கும். எல்லாமே முதல்ல எதையோ மாதிரிதான் இருக்கும்.

டிஸ்கி: சிடி டப்பாவைப் பேப்பர்காரனுக்குப் போடல. அடுத்த மாசம் அவன் ஊருக்கு வரும்போது கொடுக்கப் போறேன். பால்சாக் கேக்கணும்னு ஆசைப்படறவங்க 'பியாண்ட் தி டார்க்னஸ்'லேர்ந்து ஆரம்பிங்க. ஹெட்போன் அவசியம். பக்கத்து வீட்டு மாமிகள் நலன் கருதி.